பேஸ் கிட்டார் கம்பி உயரம்: மாடியறைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு பழைய சாப்பாட்டு மேஜை கிடக்கிறது. அதன்மேல் பாயை விரித்து, பேஸின் கழுத்துக்குக் கீழே ஒரு தலையணை வைத்தால் அதுதான் என் பட்டறை. எனக்கு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிற தொழில். செட்டப் செய்வது, அதாவது கம்பி உயரம், கழுத்து எல்லாவற்றையும் வாசிக்க வாகாகச் சரிசெய்வது, கூடவே ஒட்டிக்கொண்ட வேலை. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை நெருங்கும்போது குழுக்காரர்கள் வருவார்கள். டிசம்பர் என்றால் சர்ச் பாடகர் குழுப் பையன்கள். ஏற்காட்டு விடுதிகளில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் சனிக்கிழமை பஸ் பிடித்து இறங்கி வருவார்கள். கேட்பது எல்லாம் ஒரே கேள்விகள்தான். திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

“ஆக்ஷன், ஆக்ஷன்னு சொல்றாங்களே, அது என்னங்கண்ணா?”

கம்பியின் அடிப்பக்கத்துக்கும், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையான ஃப்ரெட்டின் உச்சிக்கும் நடுவே உள்ள இடைவெளி. கட்டையின் மேற்பரப்பிலிருந்து அளக்கக் கூடாது, ஃப்ரெட் உச்சியிலிருந்து அளக்க வேண்டும். பாதிப் பேர் தப்பாக அளப்பது இங்கேதான். 12ஆவது ஃப்ரெட்டில் அளக்கிறவர்களும் உண்டு, 17ஆவதில் அளக்கிறவர்களும் உண்டு. யாராவது ஒரு அளவைச் சொன்னால், எந்த ஃப்ரெட்டில் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

“எவ்வளவு இருக்கணும்? ஒரே ஒரு நம்பர் சொல்லுங்க.”

ஃபெண்டர் கம்பெனி தன் பேஸ்களுக்குச் சொல்லும் அளவை ஆரம்பப் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம். 17ஆவது ஃப்ரெட்டில், தடித்த கம்பிப் பக்கம் சுமார் 2.4 மி.மீ., மெல்லிய கம்பிப் பக்கம் சுமார் 2 மி.மீ. ஃபிங்கர்போர்டு, அதாவது ஃப்ரெட் பதித்த கட்டை, குறுக்கே அதிகம் வளைந்த பழைய மாதிரிகளுக்கு இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கூட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஹார்டுவேர் கடையில் 2 மி.மீ., 2.5 மி.மீ. டிரில் பிட் ஒவ்வொன்று வாங்குங்கள். வெட்டு இல்லாத வழவழப்பான காம்புப் பக்கத்தைக் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே நுழையுங்கள். கம்பியை அசைக்காமல், உரசியும் உரசாமலும் போனால் அதுதான் அளவு. ஸ்கேலைப் பிடித்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு உற்றுப் பார்ப்பதைவிட இது நம்பகமானது.

ஆனால் எண் மட்டும் போதாது. கை எப்படி என்பதும் வேண்டும். அமெரிக்காவின் மோட்டவுன் இசைக் கம்பெனிப் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கம்பியை மிக உயரமாக வைத்து, வலக்கையின் ஒரே விரலால் வாசித்தவர். வேறு யாராவது அந்த பேஸை எடுத்தால் பத்து நிமிஷத்தில் விரல் நொந்துபோயிருக்கும். ஸ்லாப் அடிக்கிறவர்களுக்கு, அதாவது கட்டைவிரலால் கம்பியை அறைந்து வாசிக்கிறவர்களுக்கு, தாழ்வாக வேண்டும். கம்பி ஃப்ரெட்டில் அறைவதே அந்தச் சத்தத்தின் பாதி. கச்சேரி மேடையில் டிரம்ஸோடு மல்லுக்கட்டி ஓங்கி இழுக்கிற பழக்கம் உள்ளவர் 2 மில்லிமீட்டருக்குக் கீழே இறக்கினால் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு ‘ஜிர்ர்’ சேர்ந்து வரும். என்னிடம் வருகிறவர்களை முதலில் ஒரு பாட்டு வாசிக்கச் சொல்வேன். கையைப் பார்த்த பிறகுதான் ஸ்க்ரூ திருப்பும் சாவியை எடுப்பேன்.

“கம்பி உயரமா இருக்கு. பிரிட்ஜ்ல ஸ்க்ரூவை இறக்கிட்டா வேலை முடிஞ்சதுதானே?”

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான்.

என் முதல் பேஸ் பழசாக வாங்கியது. ஐந்தாவது ஃப்ரெட்டைத் தாண்டினால் கம்பியை அமுக்கவே முடியாது, இரும்புக் கம்பியைத் துணிக்கொடியில் அமுக்குகிற மாதிரி இருக்கும். விற்ற கடைக்காரர் “நெக் நேராத்தான் இருக்கு, பிரிட்ஜை இறக்குங்க” என்றார். இறக்கினேன். இறக்கினேன், இன்னும் இறக்கினேன். உடல் பக்கம் கம்பிகளைப் பிடித்திருக்கிற பிரிட்ஜில், கம்பிக்கு ஒன்றாகத் தாங்கும் துண்டுதான் சேடில்; அந்த நான்கும் தகட்டில் போய் உட்கார்ந்துவிட்டன. உயரத்தைப் பிடிக்கிற குட்டி ஸ்க்ரூக்களின் தலை சேடிலுக்கு மேலே முள்ளு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. கம்பியின் சத்தத்தை அடக்க வலது உள்ளங்கையை அங்கே வைப்பேனா, ஒரு கச்சேரி முடிவதற்குள் கை கீறி ரத்தம். அத்தனைக்கும் 15ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே எந்தச் சுரமும் சரியாகப் பேசவில்லை, நடுவிலோ இன்னும் உயரம்தான்.

பிறகு ஒரு மூத்த வாத்தியக்காரர் அதை வாங்கிக் கழுத்தின் வழியாக ஒரு பார்வை பார்த்தார். கழுத்து வில்லாக வளைந்திருந்தது. எட்டாவது ஃப்ரெட்டருகே ஒரு மில்லிமீட்டர் பள்ளம். கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராடு என்ற இரும்புக் கம்பியை இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிவிட்டு, சேடிலைத் திரும்ப *ஏற்றினார்*. ஏற்றிய பிறகு கம்பி தாழ்வாக இருந்தது.

கம்பி உயரத்தை மூன்று இடங்கள் முடிவு செய்கின்றன: கழுத்தின் வளைவு, பிரிட்ஜில் சேடிலின் உயரம், தலைப்பக்கம் கம்பிகள் படிந்து போகும் குறுக்குத் துண்டான நட்டின் பள்ளம். பிரிட்ஜ் ஸ்க்ரூ கண்ணுக்கு எதிரே இருப்பதால் எல்லாரும் அதைத்தான் முதலில் திருகுகிறார்கள். கழுத்தைப் பார்க்காமல் சேடிலைத் தொடாதீர்கள். முதலில் சுருதி சேர்க்க வேண்டும், அடுத்து கழுத்து, அடுத்து சேடில், அதன்பின் நட், கடைசியில் இன்டொனேஷன், அதாவது மேல் ஃப்ரெட்டுகளிலும் சுருதி ஒத்துப்போக வைப்பது. இந்த வரிசையை மாற்றினால் செய்த வேலையையே திரும்பச் செய்வீர்கள்.

“நெக் வளைஞ்சிருக்கான்னு எப்படிப் பாக்கறது?”

சுருதி சேர்த்துவிட்டு, வாசிக்கிற நிலையில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மேஜையில் மல்லாக்கப் போட்டு அளந்தால் கழுத்தின் எடையே அளவை மாற்றிவிடும். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அமுக்கிப் பிடிக்கிற கிளிப்) மாட்டுங்கள், இல்லையென்றால் இடக்கையால் அமுக்குங்கள். வலக்கையால் அதே தடித்த கம்பியை, கழுத்து உடலோடு சேரும் இடத்தில், ஏறத்தாழ 17ஆவது ஃப்ரெட்டில், அமுக்குங்கள். இப்போது கம்பியே ஒரு நேர்கோடு. நடுவே 7, 8ஆவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே தெரிகிற சந்துதான் ரிலீஃப்.

அந்தச் சந்து சுமார் 0.3 மி.மீ. இருந்தால் நல்லது. ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழையும். சரியாக அளக்க விரும்பினால் டூவீலர் ஸ்பேர்ஸ் கடையில் ஃபீலர் கேஜ் கேளுங்கள், மெக்கானிக்குகள் டேப்பெட் அட்ஜஸ்ட் செய்ய வைத்திருக்கும் அதே விசிறித் தகடு. இசைக்கருவிக் கடையில் அதே தகட்டுக்கு வேறு பெயரும் வேறு விலையும் இருக்கும்.

சந்தே இல்லை, கம்பி எட்டாவது ஃப்ரெட்டில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது என்றால் கழுத்து நேராகவோ பின்பக்கம் வளைந்தோ இருக்கிறது. அதிர்கிற கம்பி நடுவில்தான் அகலமாக ஆடும். அந்த ஆட்டத்துக்கு இடம் விடத்தான் இந்தச் சின்னக் குழி. முழுக்க நேரான கழுத்து நல்ல கழுத்து என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

“ட்ரஸ் ராடைத் தொட்டா நெக் உடைஞ்சிடும்னு பயமுறுத்தறாங்களே?”

பயம் பாதி நியாயம். நாலு கம்பியும் சுருதியில் நிற்கும்போது கழுத்தை 70, 80 கிலோ எடைக்கு இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு ஆள் தொங்குகிற மாதிரி. அந்த இழுப்புக்கு எதிர் இழுப்புக் கொடுக்கத்தான் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. திருப்புவதற்கென்றே வைத்தது அது. முரட்டுத்தனமாகத் திருப்புவதற்கு அல்ல.

சாவி நுழையும் பக்கத்திலிருந்து பார்த்து, கடிகார முள் போகிற திசையில் திருப்பினால் ராடு இறுகும், கழுத்து நேராகும், கம்பி தாழும். எதிர்த் திசையில் திருப்பினால் தளர்ந்து முன்பக்கம் வளையும், கம்பி உயரும். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். இறுக்குவதற்கு முன் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் ராடுக்கும் சிரமமில்லை, உங்களுக்கும் இல்லை. திருப்பியதும் மறுபடி சுருதி சேர்த்து, மறுபடி அளந்து பாருங்கள். அப்படியே ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். மரம் மெதுவாகத்தான் நகரும். இரவில் சரியாக இருந்தது காலையில் கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

சாவி சரியான அளவுதானா என்று இரண்டு முறை பாருங்கள். சீனா, இந்தோனேஷியாவில் செய்த பேஸ்களில் பெரும்பாலும் மில்லிமீட்டர் ஆலன் கீ, 4 அல்லது 5. அமெரிக்கத் தயாரிப்பில் இன்ச் அளவு வரும். ‘கிட்டத்தட்ட’ நுழைகிற சாவியால் அறுகோணப் பள்ளத்தை வழித்துவிட்டால் அதைச் சரிசெய்ய ஆகும் செலவில் இன்னொரு பேஸ் பார்க்கத் தோன்றும். பலம் கொடுத்தும் நகரவில்லை, அல்லது இறுக்க இறுக்கக் கழுத்து அசையவே இல்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது வீட்டில் செய்கிற வேலை இல்லை.

“சரி, நெக் சரியா இருக்கு. சேடிலை இறக்கறது எப்படி?”

சேடிலின் இரண்டு ஓரத்திலும் குட்டி ஆலன் ஸ்க்ரூ இருக்கும். பெரும்பாலும் 1.5 மி.மீ. சாவி. அமெரிக்க ஃபெண்டராக இருந்தால் 0.050 இன்ச். இரண்டையும் ஒரே அளவு திருப்புங்கள். ஒன்று மட்டும் இறங்கினால் சேடில் சாய்ந்து, கம்பியின் அழுத்தத்தில் பக்கவாட்டில் நழுவும்.

ஒரு கணக்கு தெரிந்திருந்தால் வேலை பாதி. 12ஆவது ஃப்ரெட் கம்பி நீளத்தின் சரிபாதி. சேடிலை 1 மி.மீ. இறக்கினால் அங்கே அரை மி.மீ.தான் இறங்கும். 17ஆவதில் 0.6க்குச் சற்று அதிகம். அந்தக் குட்டி ஸ்க்ரூ வழக்கமான 3 மி.மீ. மறையாக இருந்தால் ஒரு முழுச் சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகரும். ஆக, ஒரு சுற்றுக்கு 12ஆவது ஃப்ரெட்டில் கால் மி.மீ. 17ஆவதில் 3 மி.மீ. இருப்பதை 2.4 ஆக்க ஏறத்தாழ இரண்டு சுற்று. கண்ணை மூடிக்கொண்டு பத்துச் சுற்றுத் திருகிவிட்டு “ஜிர்ர்ங்குதுண்ணா” என்று வருகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

நான்கு கம்பியையும் (தடித்ததிலிருந்து ஈ, ஏ, டி, ஜி) ஒரே மட்டத்தில் வரிசையாக நிறுத்தாதீர்கள். ஃபிங்கர்போர்டு குறுக்கே பார்த்தால் லேசாகக் கூன் விழுந்த மாதிரி வளைந்திருக்கும். சேடில்களும் அதே வளைவில் நிற்க வேண்டும். 9.5 இன்ச் ஆரத்தில் வளைந்த சாதாரண பேஸில் நடுவில் உள்ள ஏ, டி இரண்டும் ஓரத்துக் கம்பிகளைவிட ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு மேலே நிற்கும். ஒரு அட்டையை வாங்கி, கம்பிகளுக்குக் கீழே நுழைத்து, கடைசி ஃப்ரெட்டின் மேல் நிறுத்தி வளைவைப் பென்சிலால் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். அதையே சேடில் பக்கம் கம்பிகளுக்கு அடியில் வைத்துப் பார்க்கலாம். அதற்குப் பிறகு தடித்த ஈ கம்பிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் உயரம் கொடுங்கள். அதுதான் எல்லாவற்றிலும் அகலமாக ஆடும்.

“ஸ்க்ரூ துருப்பிடிச்சுத் திரும்பவே மாட்டேங்குது.”

வேர்வை. சேலத்து மே மாதத்தில் பந்தலுக்குக் கீழே இரண்டரை மணி நேரம் வாசித்தால் பிரிட்ஜில் உப்பே படிந்துவிடும். பல் குத்தும் குச்சி முனையில் தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு எடுத்து ஸ்க்ரூவின் மறையில் வையுங்கள். மரத்தில் பட வேண்டாம். ஒரு ராத்திரி கழித்துத் திருப்பிப் பாருங்கள். அவசரப்பட்டு இடுக்கியால் பிடித்தால் தலை போய்விடும்.

தட்டுவடை செட் சாப்பிட்ட கையோடு பேஸை எடுக்காதீர்கள் என்று நான் பையன்களிடம் சொல்வது வேடிக்கைக்கு இல்லை. அந்தச் சட்னி ரவுண்ட்வுண்ட் கம்பியின் சுருளுக்குள் போய் உட்கார்ந்தால் கம்பி ஒரே வாரத்தில் செத்துவிடும்.

“இறக்கின பிறகு ஜிர்ர்னு சத்தம் வருது. எங்கே தப்பு?”

எங்கே வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். சத்தம் எந்த இடம் என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

திறந்த கம்பியில் மட்டும் வருகிறது, முதல் ஃப்ரெட்டை அமுக்கினதும் நின்றுவிடுகிறது என்றால் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. 1இலிருந்து 5 வரை வந்து மேலே சுத்தமாக இருந்தால் கழுத்தில் ரிலீஃப் போதவில்லை, ராடைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். 12க்கு மேலேதான் வருகிறது என்றால் சேடில் ரொம்ப இறங்கிவிட்டது, அல்லது கழுத்தில் வளைவு அதிகமாக இருக்கும்போதே அதை ஈடுகட்ட இறக்கிவிட்டீர்கள். என் முதல் பேஸின் கதை இதேதான். எல்லா இடத்திலும் பரவலாக வந்தால் கை கனம், அல்லது உயரம் போதவில்லை. சேடிலை அரைச் சுற்று ஏற்றிப் பாருங்கள்.

ஒரே ஒரு சுரத்தில் மட்டும் வருகிறதா? அதற்கு அடுத்த ஃப்ரெட் எழும்பி நிற்கிறது. ஸ்டீல் ஸ்கேலின் ஓரத்தை மூன்று ஃப்ரெட்டின் மேல் படுகிற மாதிரி வைத்து ஆட்டிப் பாருங்கள். நடு ஃப்ரெட் உயரமாக இருந்தால் ஸ்கேல் ‘டக் டக்’ என்று ஏற்றப்பலகை மாதிரி ஆடும். ஃப்ரெட் வெளியே கிளம்பியிருந்தால் தட்டி உட்கார வைக்கலாம். தேய்த்துச் சமன் செய்ய வேண்டியிருந்தால் கைதேர்ந்தவரிடம் கொடுங்கள். ஒரு ஃப்ரெட்டின் குற்றத்துக்காக நான்கு சேடிலையும் ஏற்றுவது, ஒரு பிள்ளை பேசியதற்கு வகுப்பையே வெளியே நிறுத்துவது மாதிரி.

“அந்த ஜிர்ர் ஆம்ப்ல கேக்கல, கிட்ட வச்சுப் பாத்தா மட்டும் கேக்குது.”

விட்டுவிடுங்கள். கொஞ்சம் உரசல் பேஸின் சுபாவம்.

“நட்டை நாமளே அறுக்கலாமா?”

அளவு பார்ப்பது எளிது. கம்பியை 2க்கும் 3க்கும் இடையே அமுக்கி, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு தாள் நுழைகிற அளவுக்கு மெல்லிய இடைவெளி இருந்தால் போதும். தாராளமாக இருந்தால் நட் உயரம். முதல் ஃப்ரெட் அமுக்கக் கடினமாக இருக்கும், அங்கே சுரமும் கொஞ்சம் ஏறி ஒலிக்கும்.

நட்டுக்கென்று விற்கிற அரங்கள் விலை அதிகம். சேலத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். அங்கே வேலைக்குப் பயன்படுத்துகிற உருண்டை ஊசி அரம் பட்டறைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். மெல்லிய கம்பிகளுக்கு அது சரியாகப் பொருந்தும். தடித்த ஈ கம்பிக்குப் பழைய ஈ கம்பித் துண்டையே அரமாக வைத்து இழுக்கலாம். அதன் சுருளே பிளாஸ்டிக் நட்டை மெல்ல அறுக்கும். அரத்தைத் தலைப்பக்கம் (ஹெட்ஸ்டாக்) லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள். கம்பி நட்டின் முன் விளிம்பில்தான் உட்கார வேண்டும். நாலு இழுப்பு இழுத்ததும் கம்பியை மாட்டிப் பாருங்கள், மறுபடி நாலு இழுப்பு.

ஆழமாகிவிட்டால் பள்ளத்தில் சமையல் சோடா தூவி, ஒரு சொட்டு உடனடிப் பசை விட்டால் கல்லாக இறுகும். மறுபடி அறுத்துக்கொள்ளலாம். சில மாதங்களுக்குத் தாங்கும், புது நட் வரும்வரை போதும்.

“சேடில் தரையைத் தொட்டுடுச்சு, நெக்கும் சரி. இன்னமும் உயரம்!”

கழுத்து உடலோடு சேரும் கோணம் தப்பு. ஸ்க்ரூ போட்டு மாட்டிய கழுத்து என்றால் அதைக் கழற்றி, கழுத்து உட்காரும் பள்ளத்தின் உடல் பக்க ஓரத்தில், அதாவது பிரிட்ஜுக்குக் கிட்ட உள்ள விளிம்பில், மெல்லிய தகடு வைத்து மறுபடி மாட்டினால் கழுத்து பின்னால் சாயும், கம்பி தாழும். சேடிலை மறுபடி ஏற்ற இடம் கிடைக்கும். அட்டைத் துண்டு வைக்கிறவர்கள் உண்டு. ஆனால் ஒரு ஓரத்தில் மட்டும் வைத்தால் நடுவில் வெற்றிடம் விழுந்து, வருஷக்கணக்கில் கழுத்தின் அடிப்பகுதி எழும்பிவிடும் என்று பயப்படுகிறவர்களில் நானும் ஒருவன். பள்ளம் முழுவதும் நிரம்புகிற, ஒரு முனையில் சரிந்து மெலிகிற மரத் தகடு நல்லது. அரை மில்லிமீட்டர் தகடு பெரிய மாற்றத்தைக் கொடுக்கும். ஒட்டிச் சேர்த்த கழுத்தாக இருந்தால் இந்த வழி கிடையாது.

“சேலத்துல சரியா இருந்த பேஸ் ஏற்காட்டுல போய் மாறிடுதே, ஏன்?”

மாறத்தான் செய்யும். சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரில். நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள், அவ்வளவுதான் தூரம். அடிவாரத்தில் வேர்த்து ஊற்றும்போது மேலே போர்வை தேடுவோம். மரத்துக்கும் அதே கதி. காற்றில் ஈரம் கூடினால் உறிஞ்சும், வறண்டால் விடும். உறிஞ்சி விடுவதில் கழுத்து நகரும். எந்தப் பக்கம் வளையும் என்பது கழுத்துக்குக் கழுத்து மாறும், மரத்தின் ரேகை ஓடுகிற விதத்தைப் பொறுத்தது. கம்பியும் குளிரில் சுருங்கும், சுருதி ஏறும்.

ஒரு மே மாதம் கோடை விழா சமயத்தில் ஏற்காட்டில் ஒரு விடுதியில் மூன்று நாள் கச்சேரி. கிளம்புவதற்கு முந்தைய நாள், 40 டிகிரியை ஒட்டிய வெயிலில், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள இதே அறையில் உட்கார்ந்து தாழ்வாக, மிகத் தாழ்வாக செட் செய்தேன். ஈ கம்பி 17ஆவதில் சரியாக 2 மி.மீ., ரிலீஃப் 0.2தான். பெருமையாக இருந்தது. முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் மழை. மூன்றாம் நாள் சாயங்காலம் ஜன்னல் வழியாக மூடுபனி ஹாலுக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது. ட்யூனரைத் தட்டினால் நாலு கம்பியும் கொஞ்சம் ஏறி நிற்கின்றன. சுருதி சேர்த்து இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டில் வாசித்தால் ‘ஜிர்ர்’. அமுக்கி அளந்து பார்த்தால் எட்டாவது ஃப்ரெட்டில் சந்து சுத்தமாக இல்லை. ஆலன் கீ அஸ்தம்பட்டியில் மேஜை மேல். அன்று முழுக் கச்சேரியையும் பூனை நடக்கிற மாதிரி மெல்லத் தடவித்தான் வாசித்தேன். கீபோர்டுக்காரர் “என்ன, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். வீட்டுக்கு வந்து நாலு நாள் கழித்து அளந்தேன், பழையபடி 0.2.

அப்போதிருந்து மூன்று வழக்கம். ஒன்று, மலையேறப் போகிற பேஸைத் தாழ்வின் விளிம்பில் வைப்பதில்லை. ரிலீஃப் 0.3க்குக் குறையாமல், ஈ கம்பி 2.4. இரண்டு, ஆலன் கீ இரண்டும் பேஸ் பையின் உள் ஓரத்தில் டேப் போட்டு ஒட்டியிருக்கும். மூன்று, மேலே போனதும் பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் அறையில் விடுவேன், மரமும் கம்பியும் மெதுவாக ஊருக்குப் பழகட்டும் என்று. ஏற்காட்டிலேயே இருக்கிற பேஸுக்கு வருஷத்துக்கு இரண்டு முறை, கோடையில் ஒன்று, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒன்று, கழுத்தை அளந்தால் போதும். சேலத்திலேயே இருப்பதற்கும் அதே கணக்குதான். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள், மலையோ சமவெளியோ.

“கம்பி மாத்தினா மறுபடி செட் பண்ணணுமா?”

அதே பருமன், அதே வகை என்றால் தேவையில்லை, ஒரு பார்வை போதும். பருமன் கூடினால் இழுப்பு கூடும், கழுத்து முன்னால் வளையும். மெலிந்தால் எதிர். நாலையும் ஒரேயடியாகக் கழற்றிவிட்டு ஒரு வாரம் மூலையில் சாத்தி வைக்காதீர்கள்.

“அஞ்சு கம்பி பேஸ், ஃப்ரெட்லெஸ், இதுக்கெல்லாம்?”

ஐந்தாவது கம்பி பி ரொம்பத் தளர்ந்து அகலமாக ஆடும், ஈயைவிடக் கொஞ்சம் உயரமாக வையுங்கள். ஃப்ரெட்லெஸில் ஃப்ரெட் உச்சி என்பதே இல்லை. கட்டையிலிருந்தே அளக்க வேண்டும், உயரம் இன்னும் குறைவு, அந்த உரசல் ‘ம்வா’ சத்தம்தான் வேண்டியதே.

“உயரம் சரி. ஆனா 12ஆவதுல சுருதி ஒத்துப் போகல.”

கடைசி வேலை இதுதான். உயரத்தைத் தொட்டால் இதையும் தொட வேண்டும். கம்பியை 12ஆவது ஃப்ரெட் மேல் லேசாகத் தொட்டு மணி மாதிரி வருகிற ஹார்மோனிக்கை ட்யூனரில் பாருங்கள். பிறகு அங்கேயே சாதாரணமாக, நசுக்காமல், அமுக்கிப் பாருங்கள். அமுக்கியது ஏறி நின்றால் சேடிலைப் பின்னால் இழுங்கள், இறங்கி நின்றால் கழுத்துப் பக்கம் முன்னால் தள்ளுங்கள். ஒவ்வொரு நகர்வுக்குப் பின்னும் சுருதி சேர்த்த பிறகே அடுத்த பார்வை. முடித்த பிறகு பார்த்தால் தடித்த ஈயின் சேடில் எல்லாவற்றிலும் பின்தங்கி நிற்கும், படிக்கட்டு மாதிரி. பழைய, செத்த கம்பியோடு இந்த வேலையில் உட்காராதீர்கள். பாதி நாள் போகும்.

“கம்பியை இறக்கினதும் பேஸ் சத்தம் ஒரு மாதிரி குழறுது.”

கம்பி இறங்கியதும், அதன் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பின் காந்தத்துக்குக் கிட்டே போய்விட்டது. காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும், முக்கியமாக ஈ கம்பியின் மேல் சுரங்களில். கடைசி ஃப்ரெட்டை அமுக்கிக்கொண்டு பார்த்தால் கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே 3 மி.மீ.க்குக் கிட்டத்தட்ட இடம் இருக்க வேண்டும். பிக்கப் ஸ்க்ரூவை அரைச் சுற்றாகத் திருப்பி இறக்குங்கள்.

“எல்லாம் செஞ்சாச்சு. ஆனா சர்ச்ல மட்டும் ஏ கம்பி வாசிச்சா ஜிர்ர்ங்குது, வீட்ல வரல.”

இந்தக் கேள்வியோடு ஒரு தம்பி அதே பேஸை மூன்று வாரம் தூக்கி வந்தான். மூன்று வாரமும் அளந்தேன், ஒரு குறையும் இல்லை. நான்காவது ஞாயிறு நானே போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்தேன். ஆராதனை முடிந்ததும் ஏ கம்பியை வாசிக்கச் சொல்லிவிட்டு மேடையில் ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பார்த்தேன். பேஸ் ஆம்ப்புக்கு இரண்டடி தள்ளி ஸ்நேர் டிரம், அடியில் சுருள் கம்பி இறுக்கியபடி. ஏ ஒலித்தால் அதுவும் சேர்ந்து நடுங்குகிறது. பக்கத்து லீவரைக் கீழே தள்ளினேன், சத்தம் நின்றது. “டிரம்ஸ்காரண்ணன் வந்ததும் இதைச் சொல்லிடு” என்றேன். “நீங்களே சொல்லிடுங்கண்ணா, அவர் எங்கப்பா” என்றான்.